பின்னமான படத்துக்கு எந்தச் சட்டம்?

மிலானுக்குப் போகிறேன் என்று சொன்னால் ஆம்பூரில் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். தோல் பார்க்க, ஷூ விற்க, மிஷின் வாங்க என்று தெருவுக்கு ஒருவர் போய் வந்திருப்பார். "சாக்லேட் வாங்கினு வா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த முறை எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. யாரும் கொடுத்ததில்லை, நானே இழுத்துப் போட்டுக்கொண்டது. பழுதுபார்த்த சாமிப் படங்களை அங்கே மியூசியங்களில் எப்படிச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை நம் கோயில் படத்தில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்று பங்குப் பேரவைக் கூட்டத்தில் கத்திவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

கோயில் என்றால் மாதா கோயில். ஆம்பூரை ஒட்டின ஊர் எங்களுடையது. பீடத்துக்கு மேலே, குழந்தையை ஏந்திய மாதாவின் எண்ணெய் ஓவியம். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கப்பலில் கொண்டுவந்தது. போன மழைக்குக் கூரை ஒழுகி, படம் நனைந்து, தோல் உரிவதுபோல் உரிய ஆரம்பித்தது. சென்னையில் ஓவியங்களைப் பழுதுபார்க்கிற ஒரு அம்மாவிடம் கொடுத்தோம். மெழுகுப் புகையெல்லாம் போய் மாதாவின் முகம் பளிச்சென்று திரும்பி வந்தது. குழந்தையின் வலது கை மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் பெயிண்ட் மொத்தமும் உதிர்ந்துபோயிருந்தது. அங்கே பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகளாகப் போட்டு நிரப்பிவிட்டு, "கை எப்படி இருந்துச்சுன்னு ஒரு போட்டோ இருந்தா குடுங்க. நானா கற்பனை பண்ணி வரைய மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா.

போட்டோவுக்காக ஊரையே புரட்டிப்போட்டோம். கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்கு ஆல்பம் எல்லாவற்றிலும் பின்னால் மாதா படம் இருக்கிறது. எல்லாவற்றிலும் மாலை தொங்குகிறது. மாலை சரியாக அந்தக் கையை மறைக்கிறது. சரி, பார்த்தவர்களையே கேட்போம் என்றால், குழந்தை ஆப்பிள் வைத்திருந்தது என்று பாதிப் பேர், புறா என்று மீதிப் பேர், ஜெபமாலைதான் என்று என் சொந்த அத்தை. பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் அந்தப் படத்துக்கு முன்னால் முட்டி போட்ட கூட்டம் இது. எனக்கும்தான் ஞாபகமில்லை. வெட்கக்கேடு!

பேரவைத் தலைவர் அந்தோணி அண்ணன். ஷூ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் ஒன்று சொன்னால் ஊர் கேட்கும். "பின்னமானத பீடத்துல வெக்கக் கூடாது ஸ்டெல்லா" என்றார். எங்கள் குடும்பங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பின்னம் என்ற சொல் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. மூக்கு உடைந்த சிலையை அம்மன் கோயிலிலும் வைக்க மாட்டார்கள், விரல் உடைந்த சுரூபத்தை மாதா கோயிலிலும் வைக்க மாட்டார்கள். "ஒண்ணு கைய வரையணும். இல்லன்னா கோட்டை மியூசியத்துக்குக் குடுத்துடணும். பின்னமானதெல்லாம் அங்கதான் இருக்குது" என்றார். வேலூர்க் கோட்டையைச் சொல்கிறார்.

வரைவதற்கு ஆளையும் பார்த்துவிட்டார். நாட்றம்பள்ளி சேகர், கடை போர்டும் பள்ளிக்கூடச் சுவரும் எழுதுகிற பெயிண்டர். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் எங்கள் பள்ளிச் சுவரில் வரைந்த மயிலைப் பிள்ளைகள் வாத்து என்றுதான் சொல்கிறார்கள். எனாமல் பெயிண்ட் ஒருமுறை ஏறினால் இறங்காது. ஆப்பிளோ புறாவோ, யாருக்கும் தெரியாத ஒரு கையை ஒட்டவைத்துவிட்டு, காலத்துக்கும் அதன் முன்னால் முட்டி போட வேண்டும். மியூசியத்துக்குக் கொடுத்தாலோ, பீடத்தில் வெறும் ஆணிதான் மிஞ்சும். இரண்டுக்கும் நான் ஒத்துக்கொள்வதாக இல்லை. ஜெபமாலை மாதா திருவிழா கொடியேற்றத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் பேச்சு.

என்னோடு வந்தவர் நஜீர் பாய். எங்கள் கம்பெனியில் தோல் கொள்முதல் அவர் பொறுப்பு. தரம் பார்ப்பது என் பொறுப்பு. அதாவது அவர் வாங்கிவந்ததை நான் திருப்பி அனுப்புவேன். இப்படி நித்தம் சண்டை போடுகிற இரண்டு பேரை ஒரே விமானத்தில் அனுப்பிவைத்தார் முதலாளி. பாயின் பெட்டியில் பாதிக்கு மேல் அவர் வீட்டம்மா கட்டிக்கொடுத்த கத்திரிக்காய்த் தொக்குதான். "அங்க போயி எவன்ட்ட கெஞ்சறது?" என்றார்.

முதல் நாள் முழுக்கத் தோல் கண்காட்சி. நம்மூர் தொழிற்சாலையில் கதவைத் திறந்தாலே அடிக்கிற வாடை அங்கே இல்லை. ஆட்டுத்தோலுக்கும் சென்ட் போட்டு வைத்திருந்தார்கள். மத்தியானம் ரொட்டிக்குள் பாய் கத்திரிக்காயை வைத்துச் சாப்பிட, பக்கத்து மேஜை வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்து, "அது என்ன சாஸ்?" என்று கேட்டார். பாய் ஒரு ஸ்பூன் கொடுத்தார். மனிதர் கண்ணில் தண்ணீர் வர, "மிக நல்லது, மிக நல்லது" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். திரும்பி வரவே இல்லை.

சாயங்காலம் ஊரின் பெரிய ஓவியக்கூடத்துக்கு ஓடினேன். உள்ளே போனால் கூடம் கூடமாக மாதா. நீல முக்காடு, சிவப்பு முக்காடு, பால் கொடுக்கிற மாதா, படிக்கிற மாதா. மெழுகுவர்த்தி இல்லை, பூ இல்லை, சீரியல் பல்பு இல்லை. முட்டி போட இடமும் இல்லை. ஜனங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பந்தியில் இடம் பார்க்கிறவர்கள் மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள்.

நான் தேடியது ஒரு மூலையில் இருந்தது. மரப்பலகையில் வரைந்த மாதாவும் குழந்தையும். குழந்தையின் ஒரு பாதமும் மாதாவின் சேலையில் பாதியும் போய்விட்டிருந்தன. போன இடத்தில் எங்கள் படத்தில் இருப்பது போலவே மயிர்க்கோடு மயிர்க்கோடாகப் போட்டு நிரப்பியிருந்தார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு பெரிய ஊர்க்காரனே பாதத்தை வரையாமல் விட்டிருக்கிறான்!

அடுத்து நடந்ததற்கு என் தொழில்தான் காரணம். தோலை மேஜையில் விரித்து, முள் கீறல், உண்ணி கடித்த தடம், கத்தி பட்ட இடம் எதைக் கண்டாலும் வெள்ளி நிறப் பேனாவால் சுற்றி வட்டம் போடுவது என் வேலை. வருஷக்கணக்காக அதையே செய்து, பழுதைக் கண்டால் கை தானாகப் பேனாவுக்குப் போகும். கண்காட்சியிலிருந்து அப்படியே வந்திருந்தேன் அல்லவா, பேனா கைப்பையின் ஓரத்திலேயே இருந்தது. மூடியைக் கழற்றி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று பாதத்தைச் சுற்றிக் காற்றில் வட்டம் போட்டிருக்கிறேன். பின்னாலிருந்து ஒரு அலறல். காவலுக்கு இருந்த அம்மா, நல்ல வாட்டசாட்டமான உடம்பு, ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

போனில் மொழிபெயர்ப்பைப் போட்டு, நான் படத்தைக் கெடுக்க வரவில்லை, தோலில் பழுது பார்க்கிறவள், கை பழக்கம் என்று சொன்னேன். போன் அதை இத்தாலியில் என்னவென்று சொன்னதோ, அந்த அம்மா என் கன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கள் தோல் டாக்டரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். பேனாவை வாங்கிக்கொண்டு, வாசலில்தான் திருப்பிக் கொடுத்தார். அவர் சட்டையில் கார்லா என்று எழுதியிருந்தது.

ஹோட்டலில் பாயிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "எம் மாலுக்குத்தான் வட்டம் போட்டு பேஜார் பண்றேன்னு பாத்தா, மாதாவையும் உடலியா நீ?"

இரண்டாம் நாள் காலையில் டிராம் எங்களைக் கவிழ்த்தது. ஏறினது சரியான நம்பர், போனது எதிர்த் திசை. பாய் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரை ரசித்துக்கொண்டே வந்தார். கடைசியில் டிரைவர் இறங்கி, விளக்கை அணைத்துவிட்டு, எங்களைப் பார்த்து, "இத்துடன் முடிந்தது" என்று கையை விரித்தார். டிராம்கள் வரிசையாகத் தூங்கும் ஷெட்டுக்கு வந்திருந்தோம். "ஜோலார்பேட்டைல எறங்க வேண்டியவன் சேலத்துல முழிச்ச கதைதான்" என்றார் பாய். அதில் ஒரு திருப்தி வேறு அவருக்கு.

மத்தியானம் மஞ்சளாக ஒரு சாதம் சாப்பிட்டோம். குங்குமப்பூ போட்டதாம், வெண்ணெயில் கிளறினதாம். ஆம்பூர் பிரியாணியில் சோறு தனித்தனியாக நிற்காவிட்டால் சமையல்காரனை நிற்க வைத்துக் கேட்போம். இவர்கள் பொங்கல் பதத்துக்குக் குழைத்துவிட்டு அதற்குப் பெருமை வேறு படுகிறார்கள். பாய் மேலே தொக்கைப் போட்டுப் பிசைந்தார். அதன் பிறகு நன்றாகவே இருந்தது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் ஊரிலிருந்து போன். எங்கள் பங்குச் சாமியார், சின்ன வயசு, யாரிடமும் இல்லை என்று சொல்ல வராதவர். "ஸ்டெல்லாம்மா, அந்தோணி ஐயா பெயிண்டர சனிக்கிழம காலைல வரச் சொல்ட்டாரு. கொடியேத்தத்துக்கு முன்ன கை வந்துடணும்ன்றாரு. நான் இன்னா பண்றது?"

"ஃபாதர், நான் வெள்ளிக்கிழம வந்துடுவேன். அதுவரைக்கும் சாவிய நீங்களே வெச்சிக்கங்க."

"கேட்டாருன்னா?"

"ஜெபம் பண்ணினு இருக்கேன்னு சொல்லுங்க!" என்று போனை வைத்தேன். கோபம் தலைக்கு ஏறியிருந்தது. கையை வரையாமல் விடலாம் என்று காட்ட, நேற்று ஓவியக்கூடத்தில் எடுத்த போட்டோ என்னிடம் இருந்தது. ஆனால் அந்தோணி அண்ணன் அதைப் பார்த்து என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும். "அது மியூசியம்மா. நான்தான் சொன்னேனே, பின்னமானதெல்லாம் அங்கதான் இருக்கும்னு." அப்புறம் நான் என்ன சொல்வது?

மறுபடியும் ஓவியக்கூடம். இந்த முறை பேனாவை ஹோட்டலிலேயே வைத்துவிட்டுப் போனேன். கார்லா என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் காட்டச் சொன்னார். காட்டினேன். சிரித்துவிட்டார்.

அதே படத்தின் முன்னால் நின்றேன். எவ்வளவு நின்றாலும் என் கண் அந்தப் பாதத்துக்கே போனது. முகத்தைப் பார், முகத்தைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண் கேட்டால்தானே? மற்றவர்களைக் கவனித்தேன். அவர்களும் வந்தவுடன் பழுதைப் பார்க்கிறார்கள், பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படிக்கிறார்கள், பழுதை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போகிறார்கள். மாதாவை ஒருவரும் பார்க்கவில்லை. கால் வலித்தது. அங்கே பெஞ்சு இல்லை. நம் வீட்டுக் கூடம் என்று நினைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்து நிமிர்ந்தால், மாதா என்னைப் பார்க்கிறாள். நின்றபோது யாரையோ தேடுகிறவள் மாதிரி கண்ணைத் தாழ்த்தியிருந்தவள், இப்போது நேராக என்னை, என்னைத்தான். எனக்குத் திக்கென்றது. பாதம் போன இடம் எங்கே என்று பிறகுதான் தேடினேன்.

கார்லா ஓடிவந்தார். "உடம்புக்கு என்ன? தண்ணீர் வேண்டுமா?" இல்லை, பார்க்கிறேன் என்று ஜாடை காட்டினேன். அவர் என்னையும் படத்தையும் பார்த்தார். சுற்றுமுற்றும் யாருமில்லை என்று தெரிந்ததும் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். போன் மொழிபெயர்த்தது: "இது கோயிலில் உயரத்தில் இருந்த படம். முட்டி போடுகிறவர்களுக்காக வரைந்தது. இங்கே நிற்கிறவர்களின் உயரத்துக்கு இறக்கி மாட்டிவிட்டார்கள். ஆள் இல்லாதபோது நான் இப்படித்தான் பார்ப்பேன்."

எனக்குச் சுரீர் என்று உறைத்தது. எங்கள் படம் சென்னையிலிருந்து வந்ததிலிருந்து பீடத்துக்குப் பக்கத்தில், பூசைச் சாமான் வைக்கிற சக்கிறிஸ்து அறையில் மேஜைமேல் சாய்த்து வைத்திருக்கிறது. தலைக்கு மேலே டியூப்லைட். வருகிறவர்கள் நின்றுகொண்டு பார்க்கிறார்கள். குழந்தையின் கை போன இடம் அவர்கள் கண்ணுக்கு நேராக இருக்கிறது. பின்னம் பின்னம் என்று கத்தாமல் வேறென்ன செய்வார்கள்?

"வேறு படம் இருக்கிறதா? உயரத்தில் மாட்டியது?" என்று கேட்டேன். கார்லா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கடைசிக் கூடத்தில், ஒரு பழைய கோயில் பீடம் மாதிரியே கட்டி, மேலே ஒரு படத்தை ஏற்றியிருந்தார்கள். அதிலும் அடியில் ஒரு பெரிய துண்டு காணாமல் போயிருந்தது. கார்லா சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. வட்டம் போடுகிற எனக்கே தெரியவில்லை! எப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் இந்த ஊரை விட்டுப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் கண்காட்சியைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு பாயையும் இழுத்துப் போனேன். "நமாஸுக்கு நேரமாச்சி, சீக்கிரம் காட்டு" என்று வந்தவர், அந்தக் கூடத்தில் என்னைவிட அதிக நேரம் நின்றார். பக்கவாட்டில் போய்ச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்து, முதல் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். "படம் சுவத்துல ஒட்டினு இல்ல பாரு. மேல்பக்கம் முன்னால சாஞ்சினு இருக்குது. குனிஞ்சி பாக்கற மாதிரி."

இரண்டாவது வெளிச்சம். டியூப்லைட் மாதிரி எல்லாவற்றின் மேலும் கொட்டவில்லை. சின்ன விளக்கு ஒன்று, மேலே எங்கோ ஒளிந்திருந்து, மாதாவின் முகத்திலும் தோளிலும் மட்டும் விழுந்து, கீழே போகப் போகத் தேய்ந்தது. மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாயிற்று. தங்கச் சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவில், விரல் அகலத்தில் உள்சட்டம் ஒன்று. அதன் நிறம் பழுப்பு. காணாமல் போன துண்டை எந்தப் பழுப்பால் நிரப்பியிருந்தார்களோ, அதே பழுப்பு. சுற்றிலும் அந்த நிறம் ஓடுவதால் நடுவில் அது இருப்பது குறையாகத் தெரியவில்லை, நிழல் மாதிரி இருந்தது.

"கரெக்டடும் ஃபுல் கிரெயினும் மாதிரி" என்றேன். தோல்காரர்களுக்கு இது புரியும். கீறல் விழுந்த தோலை இழைத்து, மேலே சாயம் பூசி, பொய்யாக ஒரு தோல்வரி அச்சடித்தால் அது கரெக்டட். கீறலைக் கீறலாகவே விட்டு, அதைச் செருப்பில் எந்த இடத்தில் வைத்தால் கண் உறுத்தாது என்று பார்த்து வெட்டினால் ஃபுல் கிரெயின். பாய் தலையை ஆட்டினார். "அந்தோணி கட்டிங்ல இருந்தவர்தானே? அவருக்கே புரியும், சொல்லு."

சொல்லலாம் என்ற தைரியத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். சக்கிறிஸ்து அறையில் ஃபாதரும் அந்தோணி அண்ணனும் இருந்தார்கள். போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். சாய்மானம், விளக்கு, உள்சட்டம், கரெக்டட், ஃபுல் கிரெயின் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. நீ சொல்றது தோலு. இது கொழந்த."

"அண்ணா, இல்லாத கைய எப்படி வரைவீங்க? ஆப்பிளா, புறாவான்னே ஊருக்குத் தெரியலியே?"

"எதயாவது வரையட்டும். கைன்னு ஒண்ணு இருந்தா போதும்."

"பின்னம், பின்னம்னு எத்தினி நாளிக்குண்ணா சொல்வீங்க?" என்று நான் குரலை உயர்த்திவிட்டேன்.

அவர் வேட்டி மடிப்புக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் உண்டு. மற்ற மூன்றும் கட்டிங் மிஷினில் போனவை. இதை நான் முன்பே சொல்லியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு கை இப்படி இருக்கும், அதனால் சொல்லத் தோன்றவில்லை.

"சாஸ்திரத்துக்காக சொல்றேன்னு நெனச்சினு இருக்கியா?" என்றார். குரல் தணிந்திருந்தது. "புதுசா ஒருத்தன் வந்தான்னு வெச்சிக்கோ, மொதல்ல கைய பாப்பான். அப்பறம்தான் மூஞ்சி. எங்க பொண்ணு கல்யாணத்துல சம்மந்திக்காரங்க மொத்தமும் கையதான் பாத்தாங்க. பாத்துட்டு, எப்படிப் போச்சின்னு கேப்பாங்க. பேரு இன்னான்னு கேக்க மாட்டாங்க. அந்தக் கொழந்தைய ஊரே அப்படிப் பாக்கணுமா? என் உயிரு இருக்கறவரைக்கும் உட மாட்டேன்."

ஃபாதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிலானில் முதல் நாள் அந்தப் பாதத்தைத்தான் முதலில் பார்த்தேன், இரண்டாம் நாளும் அதைத்தான் பார்த்தேன். இவர் சொல்வதில் என்ன தப்பு? ஆனால் தரையில் உட்கார்ந்தபோது அப்படி இல்லையே. அதை வாயால் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடியாது என்றும் தெரிந்தது.

"அண்ணா, காலைல சேகர் வரட்டும். கைய வரையறதுக்கு முன்ன எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க. நான் மாட்டிக் காட்றேன். நீங்க முட்டி போட்டுப் பாருங்க. மொதல்ல கைதான் கண்ணுல பட்டுதுன்னா, நானே பிரஷ் எடுத்துக் குடுக்கறேன்."

அவர் எழுந்து போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

சனிக்கிழமை விடிந்ததும் சேகர் பெயிண்ட் டப்பாக்களோடு வந்து, "இன்னா கைம்மா? ஆசீர்வாதக் கையா, ஆப்பிள் கையா?" என்று கேட்டார். மாதிரிக்கு மாதா படம் போட்ட ஒரு நாள்காட்டியையும் கொண்டுவந்திருந்தார், பாவம். கையெல்லாம் அப்புறம், முதலில் இந்த உள்சட்டத்துக்கு நிறம் கலக்குங்கள் என்று ராத்திரியே தச்சரிடம் செய்து வாங்கிய மரச்சட்டத்தைக் கொடுத்தேன். கலந்தார். படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், சிவப்பு ஜாஸ்தி. மறுபடி கலந்தார், மஞ்சள் ஜாஸ்தி. "நீங்க ரொம்பப் பாக்கறீங்கம்மா" என்று அலுத்துக்கொண்டார். பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றேன். மூன்றாம் முறை சரியாக வந்தது. அவரே அசந்துவிட்டார்.

நஜீர் பாய் கம்பெனியிலிருந்து சின்ன விளக்கு ஒன்றும், ஏணியும் கொண்டுவந்தார். உள்சட்டத்தைப் பொருத்தி, படத்தைப் பீடத்துக்கு மேலே பழைய ஆணியிலேயே ஏற்றினோம். மேல்பக்கத்துக்குப் பின்னால் கட்டை கொடுத்து முன்னால் சாய்த்தோம். ஃபாதர் ஏணியைப் பிடிக்க, பாய் மேலே நின்று விளக்கைத் திருப்ப, நான் முட்டி போடும் பலகையில் முட்டி போட்டுக்கொண்டு, "இன்னும் மேல, மூஞ்சிக்கு, தோளுக்கு, போதும்" என்று கத்தினேன். பாய் மேலிருந்து, "மாதாவே, இவகிட்ட நீதான் மாட்டினேன்னு பாத்தா, என்னையும் மாட்டி உட்டியே" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அந்தோணி அண்ணன் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராக நடந்துபோய்ப் பலகையில் முட்டி போட்டு, தலையை நிமிர்த்தினார்.

அப்படியே இருந்தார். சேகர் இருமினார், ஃபாதர் அவரை முறைத்தார். நான் மனசுக்குள் அருள்நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்து, மறுபடி ஆரம்பித்தேன்.

தாங்கவில்லை எனக்கு. "அண்ணா, மொதல்ல எதப் பாத்தீங்க?"

"நான் எங்க பாத்தேன்?" என்றார் திரும்பாமல். "நான் பாக்கறதுக்கு முன்ன கொழந்த என்னப் பாத்துடுச்சி."

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சேகர் பிரஷ்ஷோடு முன்னால் வந்தார். "அப்ப கைக்கு இன்னா கலருய்யா?"

"கை வேணாம்" என்றார் அந்தோணி அண்ணன். நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "வந்ததுக்கு ஒரு பலக எழுதிட்டுப் போ. பக்கத்துல வெக்கணும். எவனும் கேள்வி கேக்கக் கூடாது."

ஃபாதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மிகப் பழமையான இந்தத் திரு ஓவியம் மழையினால் சேதமடைந்து, சீரமைக்கப்பட்டபோது, குழந்தை இயேசுவின் வலக்கரமானது..." என்று ஆரம்பித்தார்.

"ஃபாதர், அவ்ளோலாம் வேணாம்." அந்தோணி அண்ணன் சேகரின் பக்கம் திரும்பினார். "எழுதுய்யா. கை இல்ல. மத்ததெல்லாம் இருக்குது. அவ்ளோதான்."

சேகர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு தயங்கினார். "கை எப்படிப் போச்சின்னு போட வேணாமாய்யா? ஜனங்க கேப்பாங்களே?"

"கேக்கறவனுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சிப் போச்சி. அந்தக் கொழந்தையாவது நிம்மதியா இருக்கட்டும். எழுது."

சேகர் எழுத ஆரம்பித்தார்.